பெண்களின் இதயநோயும் நிதி திரட்டலும்: வேலூர் முதல் ஒரகடம் வரை

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் பெண்களின் நோய்களுக்காகப் பெண்களே பொருள் திரட்டிய மரபு நூறாண்டுப் பழமை உடையது. பேறுகாலமும் புற்றுநோயும் அம்மரபிற்குள் இடம்பெற்றன, இதயநோய் இடம்பெறவில்லை. அவ்விடுபடலின் பின்னணியை இக்கட்டுரை ஆராய்கிறது. திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தில் பணிபுரியும் இளம்பெண்களின் ஊதியத்திலிருந்து மாதந்தோறும் பிடிக்கப்படும் இ.எஸ்.ஐ. பங்களிப்பை அம்மரபின் இன்றைய வடிவமாகக் கொள்கிறது. நிதி திரளும் வயதும் நோய் கண்டறியப்படும் வயதும் ஒன்றையொன்று சந்திக்காமையே இன்றைய சிக்கல் என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: பெண்கள் இதயநோய், நிதி திரட்டல், இ.எஸ்.ஐ., வாதக்காய்ச்சல் இதயநோய், திருப்பெரும்புதூர், ஒரகடம்

முன்னுரை

இதயநோய் என்றவுடன் தமிழ்ப் பொதுவெளியில் எழும் உருவம் நடுவயது ஆணுடையதாகவே இருந்து வந்துள்ளது. திரைப்படத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்பவர் குடும்பத் தலைவர். ஓடிவந்து தாங்குபவர் மனைவி அல்லது மகள். பெண்ணின் நெஞ்சுநோய் தமிழில் பேசப்படாத பொருள் அன்று. திருக்குறளின் காமத்துப்பால் பசலைக்கும் நெஞ்சொடு கிளத்தலுக்கும் தனித்தனி அதிகாரங்கள் வைத்திருக்கிறது. ஆயின் அங்கு நோய் என்பது பிரிவு. மருந்து என்பது தலைவனின் வருகை. பெண் 'நெஞ்சு வலிக்கிறது' என்று சொன்னால் அதை மனவருத்தமாகவோ வாயுத் தொல்லையாகவோ கேட்டுப் பழகிய செவிக்கு இம்மரபும் ஒரு சிறு காரணமாக இருக்கக்கூடும். அதை இங்கு மிகைப்படுத்த வேண்டியதில்லை.

இதயநோயை ஆணுக்குரியதாகக் கருதும் வழக்கம் தமிழகத்துக்கு மட்டும் உரியதும் அன்று. 1964இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநில இதயச் சங்கம் பெண்களுக்கென்றே ஒரு மாநாட்டைக் கூட்டியது. ஏறத்தாழ 10,000 பெண்கள் வந்த அம்மாநாட்டின் தலைப்பு 'இதயங்களும் கணவர்களும்' என்பதாகும். கணவரின் இதயத்தை மனைவி எவ்வாறு பேணுவது என்பதே அங்குப் பேசப்பட்ட பொருள். பெண்களின் இதயம் பற்றிய தரவு அக்காலத்தில் இல்லாமல் இல்லை. 1948இல் தொடங்கிய பிரேமிங்ஹாம் ஆய்வில் முதற்கட்டமாகச் சேர்க்கப்பட்ட 5,209 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களே. அறிவு ஒரு பக்கமும் விழிப்புணர்வு இன்னொரு பக்கமுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. 2002இல் அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் சிவப்பு ஆடையைச் சின்னமாக்கியது. 2004இல் அமெரிக்க இதயச் சங்கம் பெண்களுக்கான தனி இயக்கம் ஒன்றைச் சிவப்பு நிறத்தின் பெயரிலேயே தொடங்கி நிதியும் திரட்டியது.

அந்தச் சின்னத்தை அப்படியே இங்குக் கொண்டுவந்து பொருத்த இயலாது. திருப்பெரும்புதூர்ச் சாலையில் சிவப்பு என்பது தொழிற்சங்கக் கொடியின் நிறம். இங்குள்ள நிதியின் கதையும் வேறு; அதன் வேர்கள் ஒரகடத்துக்கு மேற்கே வேலூரிலும் கிழக்கே அடையாற்றிலும் உள்ளன.

பெண்களின் பொருளில் எழுந்த மருத்துவமனைகள்

வேலூரில் ஐடா ஸ்கடர் 1902இல் திறந்த மேரி டேபர் செல் மருத்துவமனை 40 படுக்கைகள் கொண்ட பெண்கள் மருத்துவமனையாகும். 1918இல் அங்குப் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்கள் மன்றங்கள் கீழைநாட்டுப் பெண்கள் கல்லூரிகளுக்காகப் பெரும் நிதி திரட்டலில் இறங்கின. பெண்கள் 20 இலட்சம் டாலர் திரட்டினால் 10 இலட்சம் டாலர் தருவதாக ராக்பெல்லர் அறக்கட்டளை ஒன்று வாக்களித்திருந்தது. அத்தொகையால் பயன்பெற்ற ஏழு கல்வி நிறுவனங்களுள் வேலூர் மருத்துவப் பள்ளியும் சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியும் அடங்கும். பெரும்பகுதி சிறுசிறு நன்கொடைகளாகச் சேர்ந்த பணம் அது. நன்கொடை கேட்டவர்கள் முன்வைத்த காரணமும் தெளிவானது: ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற வழக்கத்தால் பேறுகாலத்தில் இந்தியப் பெண்கள் இறக்கிறார்கள் என்பது.

1940களின் இறுதியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வேலூரில் தொடங்கிய நெஞ்சக அறுவைத்துறை இந்தியாவில் அத்துறைக்கு முன்னோடியாயிற்று. தமிழ் மண்ணில் இதய அறுவை மருத்துவம் வேரூன்றிய இடம், பெண்களுக்காகப் பெண்கள் திரட்டிய பொருளில் எழுந்த நிறுவனம் என்பது வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி. அங்கு வந்து சேர்ந்தபின் இதயம் பால்பேதம் அற்ற உறுப்பாகிவிட்டது.

அடையாற்றுக் கதை தமிழ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமானது. முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். 1917இல் அடையாற்றில் உருவான இந்திய மாதர் சங்கத்தின் வழியே 1949இல் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் செயல்படத் தொடங்கியது. இதில் கவனிக்கத்தக்கது நிதியின் அளவன்று, அதன் உரிமைக்குரல். மருத்துவரும் சட்டமன்ற உறுப்பினருமாக இருந்த ஒரு பெண், தம் வீட்டு இழப்பைப் பொதுப்பிரச்சினையாக மாற்றி, பெண்கள் அமைப்பொன்றின் பெயரால் சமூகத்திடம் பணம் கேட்டார். புற்றுநோய் இரு பாலாருக்கும் பொதுவானதாயினும் அதற்கு எதிரான நிதி ஒரு மாதர் சங்கத்தின் முகவரியிலிருந்து புறப்பட்டது.

இதயநோய்க்கு அத்தகைய முகவரி கிடைக்கவில்லை. அதற்குத் தகுதியான ஒருவர் இருந்தும் கிடைக்கவில்லை.

அடுப்புப் புகையில் கண்ட இதயம்

சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி 1917இல் பர்மாவில் பிறந்தவர். இரங்கூன் மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1942இல் சப்பானியப் படையெடுப்பின்போது அங்கிருந்து தப்பிக் கோயம்புத்தூர் வந்தடைந்தார். பின்னர் இலண்டன் சென்றார். அமெரிக்காவில் ஹெலன் டாசிக், பால் டட்லி ஒயிட் ஆகிய இதயவியல் முன்னோடிகளிடம் பயிற்சி பெற்றார். 1953இல் தில்லி லேடி ஹார்டிங்கே மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். இந்தியாவின் முதல் பெண் இதயவியல் மருத்துவராகப் போற்றப்படும் அவர் 2020 ஆகஸ்டில் தமது 103ஆம் வயதில் கொரோனாத் தொற்றால் மறைந்தார்.

அவர் பணியாற்றிய லேடி ஹார்டிங்கே பெண்களுக்கான மருத்துவமனை. அதனால் மற்ற இதயவியலாளர்கள் காண வாய்ப்பில்லாத நோயாளிகளை அவர் கண்டார். நுரையீரல் நோயால் இதயத்தின் வலப்புறம் செயலிழக்கும் நிலை மேலைநாடுகளில் புகைபிடிக்கும் ஆண்களின் நோயாக அறியப்பட்டிருந்தது. தில்லியில் 127 நோயாளிகளை ஆராய்ந்து அவர் 1959இல் உடன் ஆசிரியர் ஒருவருடன் வெளியிட்ட கட்டுரையும், இருபால் வேறுபாட்டை மையமாக்கி 1976இல் வெளிவந்த கட்டுரையும் அப்படத்தை மாற்றின. புகைப்பழக்கம் பெரிதும் இல்லாத பெண்களிடத்தும் இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது. சாணவறட்டியும் விறகும் எரியும் அடுப்பின் புகை அதற்குரிய காரணமாக முன்வைக்கப்பட்டது. இந்தியப் பெண்ணின் இதயநோய் அவள் செய்யும் வேலையிலிருந்தும் வேலை செய்யும் இடத்திலிருந்தும் வருகிறது என்ற கருத்து மருத்துவ இலக்கியத்தில் தெளிவாகப் பதிவானது இவ்விடத்தில்தான். அடுக்களையை ஒரு பணியிடமாகக் கொண்டால் இதைத் தொழில்சார் நோய் பற்றிய ஆய்வு என்றும் கூறலாம்.

1962இல் மருத்துவர்கள், தொழிலதிபர்கள் துணையுடன் பத்மாவதி அகில இந்திய இதய அறக்கட்டளையை நிறுவினார். 1966இல் உலக இதயவியல் மாநாடு புதுதில்லியில் நடைபெற்றபோது அதன் பொதுச்செயலர் அவரே. 1981இல் தேசிய இதய நிறுவனம் எழுந்தது. நிதி வந்தது, நிறுவனம் வந்தது, விழிப்புணர்வும் வந்தது. ஆயின் அறக்கட்டளையின் பெயரில் இருந்தது இதயம் மட்டுமே, பெண் இல்லை. இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. வாதக்காய்ச்சல் சிறுவர் சிறுமியர் இருபாலாரையும் தாக்கிய காலம் அது. இதய மருத்துவத்துக்கே இடம் தேட வேண்டியிருந்தது. எனினும் அடையாற்றில் நிகழ்ந்த இணைப்பு, அதாவது பெண்கள் இயக்கமும் நோயின் பெயரும் ஒரே பதாகையின் கீழ் வருவது, இதயத்தைப் பொறுத்தவரை நிகழாமலே போயிற்று.

கருப்பைக்கு ஒரு மாவட்டம், இதயத்துக்கு ஒரு மாவட்டம்

இவ்விடைவெளி பின்னாளைய அரசுத் திட்டங்களின் வடிவத்திலும் தெரிகிறது. உலகவங்கிக் கடனுதவியுடன் 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டம், தொற்றா நோய்களுக்கு இரு முன்னோட்டங்களை நடத்தியது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குத் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்கள். இதயக் குழலிய நோய்த் தடுப்புக்குச் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்கள். இரண்டும் பயனுள்ள முயற்சிகள். பின்னர் மாநிலம் முழுவதும் விரிவுபெற்றவை. நிருவாக வசதிக்காக நிகழ்ந்த இப்பகுப்பு ஒரு பழைய கருத்தை மீண்டும் எழுதிக்காட்டியது: பெண்ணுக்கு உரிய நோய் கருப்பையில் இருக்கிறது, இதயம் பொதுவானது. இரத்த அழுத்தம் அளக்க வந்தவர்களில் பெண்கள் பெருந்தொகையினர் என்பது உண்மையே. அவர்கள் 'முப்பது வயது கடந்த பொதுமக்கள்' என்ற நிலையில் வந்தார்கள்.

முப்பதுக்கு முன் ஒரு தமிழ்ப்பெண்ணின் இதயத்தை அரசு கேட்டறிவது எப்போது என்ற வினாவுக்குச் சென்னையிலிருந்தே விடை கிடைக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரி சார்ந்து 2016 சூலை முதல் 2019 டிசம்பர் வரை பேணப்பட்ட பதிவேட்டில் இதயநோயுள்ள 1,005 கர்ப்பிணிகள் இடம்பெற்றனர். கருவுறுதல்களின் எண்ணிக்கை 1,029. அவற்றுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டில் நோய் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது கர்ப்ப காலத்தில்தான். 42 விழுக்காட்டில் நோய் வாதக்காய்ச்சலால் வால்வு சிதைந்ததாகும்.

இந்நோயின் போக்கைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பின்வரும் வாதம் அதைச் சார்ந்துள்ளது. பள்ளி வயதில் தொண்டைப்புண்ணாக வரும் ஒருவகைக் கிருமித்தொற்று சிலருக்கு வாதக்காய்ச்சலாக மாறி இதய வால்வில் தழும்பை விட்டுச்செல்கிறது. தழும்பு ஆண்டுக்கணக்கில் இறுகி வால்வைக் குறுக்குகிறது. இருபது வயதில் அப்பெண்ணுக்குத் தெரிவது மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதும் படபடப்பும் மட்டுமே. கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதியளவு கூடுகிறது. இதயத் துடிப்பும் விரைகிறது. குறுகிய வால்வால் தாங்க முடிவதில்லை. முன்கூட்டியே அறிந்தால் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடப்படும் பென்சிலின் ஊசி மீண்டும் காய்ச்சல் வருவதைத் தடுக்கும். வால்வு மிகக் குறுகியிருந்தால் பலூன் மூலம் விரிக்கலாம். முதல் ஐயத்தை எழுப்புவதற்கு வேண்டியது ஒரு ஸ்டெதஸ்கோப்பும் அதை நெஞ்சில் வைத்துக் கேட்கப் பயின்ற ஒருவரும்தான்.

ஆகவே சென்னைப் பதிவேடு ஒரு மருத்துவ ஆவணம் மட்டுமன்று. திருமணமாகிக் கருவுறும்வரை ஒரு பெண்ணின் நெஞ்சொலியைக் கேட்க வேண்டிய கடமை எந்த நிறுவனத்துக்கும் இருக்கவில்லை என்பதன் சான்று அது.

சம்பளச் சீட்டில் ஒரு நிதி

1990களின் இறுதியிலிருந்து திருப்பெரும்புதூர் வட்டாரத்தின் முகம் மாறியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கிற்று. 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலையும் அதனைச் சார்ந்த மின்னணு ஆலைகளும் வந்தன. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டெய்ம்லர் எனக் கனரக ஆலைகள் தொடர்ந்தன. வாகன ஆலைகள் பெரும்பாலும் ஆண்களை எடுத்தன. மின்னணு ஆலைகள் பெண்களை எடுத்தன. 2019–20 தொழிலக ஆய்வின்படி இந்தியாவில் பதிவுபெற்ற ஆலைகளில் பணிபுரியும் பெண்களில் சுமார் 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் உள்ளனர். இத்தொழில்தடத்தின் மின்னணு ஆலைகளில் பணியாற்றுவோருள் பெரும்பாலோர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் 18 முதல் 25 வயதுக்கு இடைப்பட்ட பெண்கள்.

இவர்கள் ஒவ்வொருவரும் மாதந்தோறும் ஒரு மருத்துவ நிதிக்குப் பணம் செலுத்துகின்றனர். இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் 2019 சூலை முதல் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. மாத ஊதியம் ரூ.15,000 என்று கொண்டால் இரு பங்கும் சேர்ந்து மாதத்துக்கு ரூ.600, நான்கு ஆண்டுப் பணிக்கு ரூ.28,800. முதலாளியின் பங்கும் உழைப்புக்கு ஈடாக வழங்கப்படும் செலவின் ஒரு கூறு என்பதால் இத்தொகை முழுவதையும் அப்பெண்ணின் பெயரில் எழுதுவது பிழையாகாது. வேலூருக்காகவும் அடையாற்றுக்காகவும் நன்கொடை தந்தவர்கள் விரும்பித் தந்தார்கள். ஒரகடத்துப் பெண்ணின் பங்கு கேளாமலே பிடிக்கப்படுகிறது. அளவில் இதுவே பெரிது. பெண்களின் நோய்க்குப் பெண்கள் தரும் நிதி எங்கே என்று தேடுவோர் பார்க்க வேண்டிய இடம் சம்பளச் சீட்டு.

இந்நிதியின் கட்டமைப்பு 1940களில் வரையப்பட்டது. பி.பி. அடார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1948இல் சட்டம் இயற்றப்பட்டது. 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. 1955இல் கோயம்புத்தூர் வழியாகத் தமிழகத்தை அடைந்தது. பருவகால ஆலைகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலை, அதில் ஆண்டாண்டாக உழைத்து ஓய்வுபெறும் தொழிலாளி என்பதே சட்டம் கண்ட உருவம். பஞ்சாலைகளின் காலத்தில் அது பொருந்தியிருந்தது. இன்றைய தொழில்தடத்தில் ஆலை ஆண்டு முழுவதும், இரவும் பகலும் இயங்குகிறது; பருவகாலத்தவராக மாறியவர் தொழிலாளி. இந்தத் தலைகீழ் மாற்றத்தைச் சட்டத்தின் விதிகள் இன்னும் உள்வாங்கவில்லை.

வயதுக் கணக்கு

விதிகளை ஒவ்வொன்றாக நோக்கினால் இது புலப்படும். சாதாரண நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள், ஊதியத்தில் 70 விழுக்காடு. நீண்டகால நோய்கள் 34க்கு நீட்டித்த உதவி உண்டு: இரண்டாண்டுவரை, 80 விழுக்காடு. இதய வால்வு நோயும் இதயச் செயலிழப்பும் அப்பட்டியலில் உள்ளன. இவ்வகையில் இ.எஸ்.ஐ. பல தனியார் காப்பீடுகளைவிடப் பெருந்தன்மை உடையது என்பதை மறுக்க இயலாது. ஆனால் நீட்டித்த உதவி பெறத் தொடர்ச்சியாக இரண்டாண்டுக் காப்பீட்டுப் பணி வேண்டும். ஒப்பந்தம் முடிந்து வேறு ஒப்பந்ததாரரிடம் சேரும் இடைவெளியில் அத்தொடர்ச்சி அறுபடும் வாய்ப்பு பெரிது. ஐந்தாண்டு காப்பீட்டில் இருந்து வயது முதிர்வால் ஓய்வுபெறுவோர் ஆண்டுக்கு ரூ.120 செலுத்தி மருத்துவ வசதியைத் தொடரலாம். 24 வயதில் திருமணத்துக்காகப் பணியை விட்டு ஊர் திரும்பும் பெண் ஓய்வுபெற்றவர் அல்லர்.

நோய் வரும்வரை காத்திராமல் முன்னறியும் சோதனைக்கு வயது 40 என்ற எல்லை வைக்கப்பட்டுள்ளது. 2022இல் இ.எஸ்.ஐ. கழகம் அறிமுகம் செய்த ஆண்டுப் பரிசோதனை 40 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்கீழ் அறிவிக்கப்பட்ட இலவச ஆண்டுப் பரிசோதனையும் 40 வயது கடந்தோருக்கே. தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தின் மக்கள்தொகை அளவிலான பரிசோதனை 30 வயதில் தொடங்குகிறது. மாரடைப்பை மனத்தில் கொண்டால் இவ்வெல்லைகள் அறிவார்ந்தவையே; குறைந்த செலவில் மிகுதியான நோயாளிகளைக் கண்டறிய அவை உதவும். ஆயின் இவ்வெல்லைகளுக்குப் பின்னால் இருக்கும் உடல், திரைப்படத்து நாற்காலியில் சாயும் அதே நடுவயது உடல். இருபது வயதுப் பெண்ணின் வால்வு நோய் அக்கணக்கில் வராது. அவள் நிதி செலுத்துவது 18 முதல் 25 வரை. நிதி அவள் இதயத்தைத் தேடி வருவது 40க்குப் பின். அதற்குள் அவள் அந்நிதியின் உறுப்பினரே அல்லள்.

பணியிடம் இதயத்தின்மேல் ஏற்றும் சுமையும் உண்டு. பெண்களை இரவில் ஆலைப் பணியில் அமர்த்துவதைத் தடைசெய்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் பிரிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாததாக்கியது. பாகுபாட்டுக்கு எதிரான தீர்ப்பு அது. பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் ஓய்வறைக்கும் நிபந்தனைகளை அது வகுத்தது. அமெரிக்கச் செவிலியர்களிடம் நடத்தப்பெற்று 1995இல் வெளியான ஆய்வு, ஆறு ஆண்டுகளுக்கு மேல் சுழல்முறை இரவுப் பணி செய்த பெண்களிடத்து இதயத் தமனி நோய் மிகுதல் கண்டது. தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்பது ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு. சோகை உள்ள உடலில் இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. இதனால் இன்னொரு தொல்லையும் நேர்கிறது: மூச்சு வாங்குகிறது, படபடக்கிறது என்று வரும் பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாம். பலருக்கு அது சரியான மருந்தே. வால்வு சுருங்கிய சிலரும் அதே மாத்திரையுடன் அடுத்த ஷிப்டுக்குத் திரும்புகின்றனர்.

மாரடைப்பு என்ற சொல்லின் தாக்கத்தையும் இங்குக் குறிப்பிடலாம். நெஞ்சுவலியே இருபாலாருக்கும் முதன்மை அறிகுறி. அதனுடன் மூச்சுத்திணறல், குமட்டல், கடுஞ்சோர்வு, முதுகு அல்லது தாடை வலி ஆகியவை பெண்களிடத்து மிகுதியாகக் காணப்படுகின்றன. விழிப்புணர்வுப் பதாகைகள் 'அடைப்பு' என்ற ஒற்றைப் படிமத்தைச் சுற்றியே எழுதப்படுவதால், அடைப்பில்லாத இதயநோய்களுக்குத் தமிழில் பொதுமக்கள் சொல்லே உருவாகவில்லை. 'வால்வு கோளாறு' என்பது மருத்துவமனை வாசலுக்கு வந்தபின்தான் ஒருவர் கற்றுக்கொள்ளும் தொடர்.

வாயிலுக்கு உள்ளும் புறமும்

நிதிக்கு வேறு வழிகளும் இத்தடத்தில் உள்ளன. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நோய்த்தடுப்பு அதில் அடங்கும். ஆயின் சொந்தப் பணியாளர்களுக்கு மட்டும் பயன்தரும் செலவு அக்கணக்கில் சேராது. முறைகேட்டைத் தடுக்க இவ்விதி வேண்டியதுதான். அதன் விளைவு விந்தையானது: ஒரகடத்து ஆலை ஒன்று பக்கத்துக் கிராமத்துப் பெண்களுக்கு எக்கோ பரிசோதனை முகாம் நடத்தினால் அது சமூகப் பொறுப்பு, தன் லைனில் நிற்கும் பெண்களுக்கு மட்டும் நடத்தினால் அது வெறும் செலவு.

அரசின் பக்கம் அசைவு உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், 2024 சனவரியில் பணியிடங்களுக்கும் விரிந்தது. 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டம் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் ஆகியவற்றை ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் துணைச் சுகாதார நிலையங்களிலும் இருப்பில் வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதைகள் தொடங்கப்பெற்றன. எட்டு மணிநேரம் நின்றுகொண்டே வேலை செய்த பெண்ணுக்கு இது எந்த அளவு அழைப்பாகும் என்பது வேறு வினா. பணியிட விரிவாக்கமே இவற்றுள் இக்கட்டுரைக்கு முதன்மையானது. நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் அளக்க ஆலைக்குள் செல்லும் சுகாதாரப் பணியாளர், பத்மாவதி 1950களில் கண்ட உண்மைக்கு அருகில் செல்கிறார்: பெண்ணின் இதயத்தை அவள் வேலை செய்யும் இடத்தில் வைத்தே பார்க்க வேண்டும்.

பெண்கள் தாமே விழிப்புணர்வை எழுப்பிய நிகழ்வும் இத்தடத்தில் உண்டு. அது இதயநோய்க்காக அன்று. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, மின்னணு ஆலை ஒன்றின் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. விடுதிகளின் நிலை நாட்டின் பேசுபொருளாயிற்று. ஒரே இரவில் பலரைத் தாக்கும் நோய் சாலையை நிரப்பும். ஒவ்வொருவராக, ஊர் திரும்பியபின், பேறுகாலத்தில் வெளிப்படும் நோய்க்குச் சாலையில் அமர ஆள் சேராது. அதனாலேயே அதற்கு முத்துலட்சுமி ரெட்டியின் வழி, அதாவது தனித்தனி இழப்புகளை ஒரு பெயரின்கீழ்க் கொண்டுவரும் அமைப்பின் வழி, இன்றியமையாததாகிறது. மாதர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் இத்தடத்தில் ஊதியம், பாதுகாப்பு, விடுதி ஆகியவற்றைப் பேசியுள்ளன. இ.எஸ்.ஐ. நிதியின் வயது எல்லையைப் பெண்களின் கோரிக்கையாக முன்வைப்பது அவர்களுக்குக் கடினமான அடுத்த அடியன்று.

2024 சூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட புலனாய்வு இதற்கு இன்னொரு கோணம் தந்தது. திருமணமான பெண்களைப் பணிக்கு எடுப்பதைத் தவிர்க்கும் வழக்கம் இவ்வட்டாரத்துப் பேராலை ஒன்றில் நிலவுவதாக அது கூறிற்று; நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது; ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. வழக்கின் உண்மை எதுவாயினும், திருமணத்துடன் ஆலைப்பணி முடியும் என்ற எதிர்பார்ப்பு பல குடும்பங்களிலும் உள்ளது. அந்த ஒரு நாளில் பெண் ஒரு பதிவேட்டிலிருந்து இன்னொரு பதிவேட்டுக்கு மாறுகிறாள்.

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் ரூ.706.50 கோடியில் கட்டப்பட்ட 18,720 படுக்கைகள் கொண்ட பெண் தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது. 1954இல் அடையாற்றில் இருந்தவை 12 படுக்கைகள் என்பது நினைவுக்கு வருகிறது. அவை நோயாளிகளுக்கானவை, இவை நலமுடன் இருப்பதாகக் கருதப்படுவோருக்கானவை. திருப்பெரும்புதூரில் 100 படுக்கை கொண்ட இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2022இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒரே கூரையின்கீழ் இத்தனை இளம்பெண்கள் தங்கும் இடத்தில், பணியில் சேரும் வாரத்திலேயே ஒவ்வொருவரின் நெஞ்சொலியையும் கேட்டுக் குறித்துவைப்பது மருத்துவ அடிப்படையில் எளிய செயல். அதற்குச் செலவிடத் தக்க நிதியும் அவர்கள் பெயரிலேயே சேர்ந்துகொண்டிருக்கிறது.

இ.எஸ்.ஐ. எண் ஒருமுறை வழங்கப்பட்டால் ஆலை மாறினாலும் மாறாதது. ஊர் திரும்பிக் கருவுற்றதும் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அப்பெண்ணுக்குப் பிக்மி எண் தரப்படுகிறது. முதல் எண்ணுக்குரிய கோப்பில் அவள் எத்தனை நாள் பணிக்கு வந்தாள், எவ்வளவு பிடிக்கப்பட்டது என்பது இருக்கும். இரண்டாம் எண்ணுக்குரிய அட்டையில் எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், முந்தைய நோய்கள் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருக்கும். முந்தைய நோய்களுக்கான கட்டத்தில் எழுதுவதற்கு முதல் கோப்பில் எதுவும் இருப்பதில்லை.